பஞ்சாரத்துக்குள் வெள்ளைச் சேவல்

நான் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணமான இரண்டாவது வருஷமே தனியானவள். பள்ளிக்கூடத்தில் இறுதி வகுப்பு வரை படித்திருந்ததால் அண்ணன் விண்ணப்பத் தாள் வாங்கி வந்து கொடுத்தான். வீட்டில் ஒரு வயிறு குறையும் என்று அவன் நினைத்திருக்கலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பயிற்சியில் கோழி வளர்ப்பு, மாட்டுத் தீவனம், புகையில்லா அடுப்பு, பிள்ளைகளுக்குச் சத்துள்ள சாப்பாடு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேசுவது எப்படி என்பதையும் சொல்லிக் கொடுத்தார்கள். அது மட்டும் எனக்குக் கடைசி வரை வரவில்லை.

என்னை அனுப்பிய ஊர், தென்காசியிலிருந்து குத்துக்கல்வலசை தாண்டி வயல்களுக்கு நடுவே இருந்தது. அறுபது எழுபது வீடுகள். நெல்மூட்டை அடுக்கியிருந்த ஓர் அறையைக் காலி செய்து எனக்கு விட்டார்கள். எத்தனை தடவை பெருக்கினாலும் மூலையில் உமி கிடக்கும். செவ்வாயும் வெள்ளியும் பிற்பகலில் மாதர் மன்றம். பஞ்சாயத்து அறையில் பாயை விரித்து, கோழிப் படம் போட்ட அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். முதல் நாலு மாதம் யாரும் வரவில்லை. பெண்கள் வாசல் வரை வந்து எட்டிப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர்களும் போய்விடுவார்கள். ஐந்து மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக்கு வந்து, இன்றைக்கு யாரிடம் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்ப்பேன். பால் ஊற்றுகிறவரிடம் "போதும்" என்று சொன்னது மட்டும் சில நாள் நினைவுக்கு வரும்.

ஆனி பிறந்துவிட்டால் மலையிலிருந்து சாரல் இறங்கும். குற்றாலத்துக்குப் போகிற பஸ்களில் வெளியூர்க்காரர்கள் நெருக்கியடித்துப் போவார்கள். குடும்பம் குடும்பமாக ஈரத் தலையோடு திரும்பி வருவார்கள். நான் இருந்த இடத்திலிருந்து அருவி நாலு மைல் கூட இருக்காது. தனியாக ஒரு பெண் போய் அந்தக் கூட்டத்தில் நின்று குளித்துவிட்டு வருவதா என்று நினைத்து, போகாமலே மூன்று சீசன் கழிந்தது.

அந்த ஊரில் என்னிடம் முதலில் பேசியவள் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அவள் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டினார். பிள்ளை இல்லை. பத்துப் பன்னிரண்டு கோழி வைத்திருந்தாள். சீசன் மாதங்களில் முட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்து போய், சாப்பாட்டுக் கடைகளிலும் பங்களாக்களிலும் கொடுத்துவிட்டு வருவாள். ஒருநாள் காலிக்கூடையோடு நேராக மன்றத்துக்குள் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன டீச்சர், கோழிப் படத்த மாட்டி வச்சிட்டு, நீங்களும் அவயத்துக்கு உக்காந்த கோழி மாரி உக்காந்திருக்கிய. வாயத் தொறந்தா முட்டை விழுந்திருமா?"

அவயம் என்றால் அந்தப் பக்கம் அடைகாப்பது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் இடுப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"இத வாசிச்சுச் சொல்லுங்க. தபால்காரர் வாசிச்சா ஊருக்கே கேக்கு."

அன்றிலிருந்து அவள் கணவரின் கடிதங்களை நான்தான் வாசித்தேன். பதிலும் நான்தான் எழுதினேன். அவளை அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிட ஆரம்பித்தேன். கண்ணால் பார்த்திராத ஒருவரை அண்ணனாக்கிக்கொண்டுதான் அப்படிக் கூப்பிட முடிந்தது.

மன்றத்துக்குப் பெண்களை இழுத்து வந்ததும் மைனிதான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வேன். அவள் உரக்கச் சொல்வாள்.

"ஏட்டி, கோழிக்கூட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கணுமாம். டீச்சர் சொல்லுதாவ."

"எங்க வீட்டுக்கே அடிச்சு மூணு வருசம் ஆச்சு. கோழிக்குப் பொங்கப் படி, சீரு எல்லாம் உண்டுமா, கேளுங்க மைனி."

"உண்டு. ஒனக்குத்தான் கெடயாது."

இப்படித்தான் என் பாடம் நடந்தது. முட்டையின் மேல் கரியால் தேதி போடச் சொன்னேன். கூட்டுக்குள் சாம்பல் தூவச் சொன்னேன். பூச்சி மருந்து கொடுத்தேன். வெள்ளைக் கழிச்சல் வருவதற்கு முன்னால் தடுப்பூசி போட்டேன். பக்கத்து ஊரில் கழிச்சல் வந்து கூடு கூடாகக் கோழி செத்தபோது எங்கள் ஊரில் ஏழெட்டுதான் செத்தன. அதற்குப் பிறகு என்னைக் "கோழி டீச்சர்" என்றார்கள். கேலிதான். ஆனாலும் வாசலில் நின்று கூப்பிட ஒரு பேர் கிடைத்தது.

வடக்கே எல்லையில் சண்டை வந்த வருஷம் மைனிக்கு மூன்று மாதம் கடிதம் இல்லை. முட்டைக் கூடையைக் கையால் தொடவில்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்குத் தெருவில் நிற்பாள். அந்த நாட்களில்தான் ஊர்க்காவல் தெய்வம் மாடனுக்கு நேர்ந்துகொண்டாள். "அவிய கை கால் முழுசா வீட்டுப் படி ஏறினா, எங்க வீட்டுக் கோழி இட்ட முட்டையில, எங்க வீட்டுலயே பொரிச்சு வளந்த செவப்புச் சேவல் தாரேன்னு சொல்லியிருக்கேன் டீச்சர்." அந்த ஊர் மாடனுக்குச் செஞ்சேவல்தான் பலி கொடுப்பது. வேறு நிறம் கோயில் வளைவுக்குள் போகாது.

கடிதம் வந்தது. அவரும் வந்தார். ஆனால் அவருக்கு விடுப்பு கிடைத்தது வைகாசியில். மாடன் கோயில் திருவிழாவான கொடை சித்திரைக் கடைசியிலேயே முடிந்துவிட்டது. இருபது நாள் இருந்துவிட்டு அவர் திரும்பவும் வடக்கே எல்லை மலைப் பக்கம் போய்விட்டார். நேர்ந்த சேவலை அடுத்த சித்திரையில்தான் கொடுக்க முடியும்.

"கேட்டத அவன் குடுத்திட்டான். நான் இன்னும் குடுக்கல" என்றாள் மைனி. "குடுக்கிற வரைக்கும் அவிய உசிரு அவன் கையிலதான் இருக்கு."

இதற்கு நடுவே, அவர் வருவதற்கு மூன்று மாதம் முன்பு, சேவல் மாற்றும் திட்டம் வந்திருந்தது. ஊரில் உள்ள நாட்டுச் சேவல்களை எல்லாம் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு வெள்ளை லெகார்ன் என்ற சீமை இனச் சேவல் கொடுப்பார்கள். நாட்டுக் கோழியோடு அது சேர்ந்தால் பிறக்கும் பெட்டைகள் இரண்டு மடங்கு முட்டை இடும். ஒரே ஒரு நிபந்தனை. ஊருக்குள் ஒரு நாட்டுச் சேவல்கூட இருக்கக்கூடாது.

பெரிய மூங்கில் கூடைகளில் வெள்ளைச் சேவல்கள் வந்து இறங்கின. கொண்டை ஒரு பக்கம் மடிந்து கண்ணை மறைத்தது. பெண்கள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இது என்னட்டி, செம்பருத்திய வச்சிட்டு கலியாண வீட்டுக்குப் பொறப்பட்ட மாரி வருது."

"பாக்க ஆபீசர் மாரிதான் இருக்கு. வேலை பாக்குமா?"

மைனி வீடு வீடாக வந்து பேசினாள். பத்து நாளில் எல்லா வீட்டுச் சேவலும் போயிற்று. மைனியும் தன் பெரிய சேவலைக் கொடுத்தாள். ஒரு சிவப்புக் குஞ்சை மட்டும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அது நேர்ச்சைக்கு என்று ஒதுக்கி வைத்தது.

"இதும் கணக்குல வருமா?"

"குஞ்சுதான மைனி. பெரிசானா பஞ்சாரத்துக்குள்ளயே போட்டு வச்சு வளருங்க. கொடையோட போயிரும்லா" என்றேன். மற்றவருக்கு அனுமதி கொடுக்கிற இடத்தில் என் வாழ்க்கையில் அதுவரை நான் இருந்ததில்லை. பதிவேட்டில் 'நாட்டுச் சேவல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு பொரித்த குஞ்சுகள் எல்லாம் வெள்ளை. கறுப்புக் கோழி இட்ட முட்டையிலும் வெள்ளை, சிவப்புக் கோழி இட்ட முட்டையிலும் வெள்ளை. வெள்ளைச் சேவலின் நிறம் எதையும் மூடிவிடும். சீசன் தொடங்கும்போது தெருவெல்லாம் வெள்ளைக் குஞ்சாகத் திரிந்தன. "ஊரையே சலவைக்குப் போட்ட மாரி இருக்கு" என்றார்கள். பருந்துக்கும் தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆனாலும் என் மேலதிகாரிக்கு அந்த ஊர் என்றால் பெருமை.

ஆடி மாதம், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவர் ஜீப்பில் வந்தார். கால்நடை விரிவாக்க அலுவலர். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். மைனி முட்டைக் கூடையோடு குற்றாலம் போயிருந்தாள். நான் அவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கூடாகக் காட்டிக்கொண்டு வந்தேன். மைனி வீட்டுப் பக்கம் வந்தபோது புறவாசலிலிருந்து சேவல் கூவியது. லெகார்ன் குரல் வேறு. அவருக்குத் தெரியாதா.

"என்னம்மா இது? இல்லேன்னு எழுதியிருக்கீங்களே."

கோழி மேல் கவிழ்த்து வைக்கும் பஞ்சாரக் கூடையைப் பியூன் தூக்கினார். சேவல் நெருப்பு மாதிரி நின்றது.

"யார் வீட்டுது?"

"வெளியே போயிருக்காங்க" என்றேன். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். இது மாடனுக்கு நேர்ந்து விட்டது சார். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார், இல்லை சலித்துக்கொண்டிருப்பார். பதிவேட்டில் பொய் எழுதியதற்கு ஒரு வார்த்தை கேட்டிருப்பார். வாய்க்குள் அந்த வரி முழுதாக இருந்தது. நாக்கு அசையவில்லை. பியூன் சேவலின் கால்களைக் கட்டி ஜீப்பில் வைத்தார்.

"பரவாயில்லை, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நட்டமும் வேண்டாம்" என்று அவர் ஜீப்பிலிருந்த ஒரு வெள்ளைச் சேவலை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் அதை வாங்கி அதே பஞ்சாரத்துக்குள் விட்டு மூடிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது. 

மத்தியானம் மைனி வந்து, தவிட்டைப் பிசைந்து எடுத்துக்கொண்டு பஞ்சாரத்தைத் தூக்கியிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து என் வாசலில் வந்து நின்றாள். கையில் தவிடு ஒட்டியிருந்தது.

"ஆபீசர் வந்தாரா?"

"ஆமா மைனி."

"நீங்க அங்கன நின்னியளா?"

"நின்னேன்."

"நேந்து விட்டதுன்னு சொன்னியளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கையிலிருந்த தவிட்டைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தென்காசி அலுவலகத்துக்குப் போனேன். ஊர்களிலிருந்து வரும் நாட்டுச் சேவல்கள் அன்றன்றைக்கே விலைக்குப் போய்விடும் என்றார் குமாஸ்தா. யார் வாங்கினார்கள் என்று கேட்க வாய் எடுத்தேன். அவர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். பஸ் நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களை மைனி தபால்காரரிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னாள். நடுத்தெருவில் அவர் உரக்க வாசிப்பது என் அறைக்குக் கேட்கும். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும்போதே நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். மன்றத்துக்கு அவள் வரவில்லை. அவள் வராததால் மற்றவர்களும் குறைந்தார்கள். திரும்பவும் நானும் அட்டையும்.

எட்டு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். வழியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தைகளை நின்ற நிலையில் ஒப்பித்தேன்.

"வெளியூருல இருந்து ஒரு செவப்புச் சேவல் கொண்டாரேன் மைனி. குடுக்கதுக்கு இல்ல, கோழியோட சேக்கதுக்கு. உங்க செவலக் கோழிதான், உங்க கோழி முட்டைதான், உங்க வீட்டுலயே பொரிக்கட்டும். சித்திரைக்குள்ள வளந்திரும்."

அவள் முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஊருக்குள்ள நாட்டுச் சேவல் கூடாதுன்னு எழுதி வச்சது யாரு?"

"நாந்தான்."

"இப்பம் கொண்டாரப் போறது யாரு?"

"நாந்தான்."

அவள் அரிசியைப் புடைத்தாள். கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "கொண்டாங்க" என்றாள்.

திட்டம் வராத ஊரைத் தேடி வீரகேரளம்புதூர்ப் பக்கம் போனேன். வயல் ஓரத்தில் ஒரு வீட்டில் நல்ல செஞ்சேவல் மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் என் பையையும் குடையையும் பார்த்தாள்.

"கவர்மெண்டு கோழி டீச்சரா? எங்களுக்கு வெள்ளச் சேவல் வேண்டாம். போயிட்டு வாங்க."

"குடுக்க வரல. கேக்க வந்தேன்."

விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரிகளும் வந்துவிட்டார்கள். ஆனால் மாடனுக்கு என்றதும் சேவலைப் பிடித்துக் கொடுத்தாள். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், ஒரு குஞ்சும் சேர்த்துத் தர வேண்டும், அந்தக் குஞ்சு வெள்ளையாக இருக்கக்கூடாது. பஸ்ஸில் பை ஆடியது. "பைக்குள்ள யாரு டீச்சர்?" என்றார் கண்டக்டர். "தலைய வெளிய விடுங்க, ஊர் பாத்துட்டு வரட்டும்."

மைனியின் செவலைக் கோழி அதுவரை வெள்ளைச் சேவல்களோடு திரிந்தது. பிரித்து வைக்க வேண்டும். அதனால் கோழியும் சேவலும் என் அறையிலேயே இருந்தன. விடிகாலையில் சேவல் கூவினால் தெரு முழுக்கக் கேட்கும்.

"டீச்சர் வீட்டுல ஆம்பிளைச் சத்தம் கேக்கே."

"மாப்பிளைக்கு எந்த ஊரு, வீரகேரளம்புதூரா?"

எனக்கு முகம் சிவந்துபோகும். ஆனால் அதைச் சாக்காக வைத்து முதல் தடவையாகப் பெண்கள் என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். மைனி மட்டும் வாசலில் நின்று கோழியைப் பார்த்துவிட்டுப் போவாள்.

பத்து நாள் பிரித்து வைத்தால் போதும் என்று நினைத்தேன். பதினோராம் நாளிலிருந்து இட்ட முட்டைகளை எடுத்து மைனி வீட்டில் அவயத்துக்கு வைத்தோம். ஏழாம் நாள் உச்சி வெயிலில், கதவை அடைத்துவிட்டு, ஓட்டை போட்ட அட்டையை ஜன்னலில் வைத்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். உள்ளே சிலந்தி மாதிரி ரத்த நாளம் ஓடியிருந்தது. இரண்டு பேரும் ஒரே ஓட்டையில் பார்க்க வேண்டியிருந்ததால் எங்கள் தலைகள் இடித்துக்கொண்டன. "உசிரு துடிக்கு" என்றாள் மைனி. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு வந்தது. ஒன்பதும் வெள்ளை.

நான் அறைக்கு ஓடிப்போய்ப் பயிற்சி நோட்டைப் புரட்டினேன். பழைய சேவலை விட்டுப் பிரித்த பிறகும் மூன்று வாரம் வரை கோழி அதன் குஞ்சையே தரும் என்று என் கையெழுத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. திரும்பி வந்து சொன்னேன். மைனி குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவன் வேண்டாங்கான் போல" என்றாள். "காயிதம் வந்தும் இருவத்தஞ்சு நாளாச்சு."

"தப்பு எம்மேல மைனி. மாடன் மேல இல்ல."

குஞ்சுகளோடு இருந்தால் கோழி மூன்று மாதத்துக்கு முட்டை இடாது. ஒன்பதையும் நான் என் அறைக்குக் கொண்டுவந்து, பெட்டிக்குள் விட்டு, அரிக்கேன் விளக்கைச் சூட்டுக்கு வைத்து வளர்த்தேன். அவை நான் எங்கே நகர்ந்தாலும் என் காலடியிலேயே வந்தன. நான் அவற்றோடு பேசினேன். ஆள் யாரும் இல்லாத அறையில் சத்தம் போட்டுப் பேசுவது எனக்கு எளிதாகவே இருந்தது. கோழி தேறி, திரும்பவும் முட்டைக்கு வரும்வரை அதைச் சேவலோடு தனியே வைத்து, இந்தத் தடவை சுவரில் கரிக்கோடு போட்டு நாளை எண்ணினேன்.

கார்த்திகை மழையில் இரண்டாவது தடவை பொரித்தது. ஏழு குஞ்சு. நாலு சிவப்பு. மற்றவை பழுப்பும் கறுப்பும். மைனி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஆனால் காப்பி போட்டுக் கொடுத்தாள். நாலில் ஒன்று மழைக் குளிரில் செத்தது. ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று. மீதி இரண்டில் ஒன்றுக்கு மார்கழிக் கடைசியில் கொண்டை சிவந்தது. இன்னொன்று பெட்டை. அதையும் இரவல் சேவலையும் வீரகேரளம்புதூரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இருந்தது ஒரே ஒரு சேவல். அதற்காகத் தினமும் மத்தியானம் மைனி வீட்டுப் புறவாசலுக்குப் போனேன். நகம் பார்ப்பேன், எடை பார்ப்பேன், மருந்து கொடுப்பேன். எங்கள் பேச்சு முழுக்கக் கோழிப் பேச்சு. இரை எடுத்ததா, எச்சம் எப்படி, இறகு உதிருதா. கடிதத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் நான் வரும் நேரத்துக்கு அவள் புறவாசல் கதவைத் திறந்து வைத்திருப்பாள்.

பங்குனிக் கடைசியில் எனக்கு வாசுதேவநல்லூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. வழக்கமான மாற்றல்தான். எங்கள் ஊர் அலுவலகப் பதிவேட்டில் கடைசி வரை நாட்டுச் சேவல் இல்லாத ஊராகவே இருந்தது.

கொடையன்று விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன். கோயில் வரி கொடுக்கிற குடும்பத்துப் பெண்கள் கோயிலுக்கு முன்னால் நின்றார்கள். நான் கடைசியில், பானைகள் வைத்திருந்த இடத்தில் நின்றேன். மதியக் கொடை. மைனி நனைந்த தலையோடு, மஞ்சள் சேலையில், சேவலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். நல்ல வளர்த்தி. கழுத்தில் செவ்வரளி மாலை. கொடுக்கும் முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பைச் சிலிர்த்து உதறினால் மாடன் ஏற்றுக்கொண்டான். உதறாவிட்டால் இல்லை.

பூசாரி தண்ணீரைத் தெளித்தார். சேவல் அப்படியே நின்றது.

இரண்டாவது தடவை தெளித்தார். கண்ணை மட்டும் மூடித் திறந்தது. மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மைனியின் உதடு அசைவதைப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பங்குனி வெயிலில் கோழிக்குச் சூடு தாக்காமல் இருக்க உடம்பில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதமாக மத்தியானம்தோறும் நான் தெளித்தேன். தண்ணீர் விழுந்தால் அசையாமல் நிற்க அந்தச் சேவலுக்குப் பழகிவிட்டது. இதைப் பூசாரியிடம் போய்ச் சொல்ல முடியுமா. மைனியிடம்தான் சொல்ல முடியுமா. சொல்ல முடிந்தாலும் என்ன ஆகப்போகிறது. கை இரண்டையும் சேலைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் எதையும் அவ்வளவு கேட்டு நின்றதில்லை.

மூன்றாவது தடவை பூசாரி சொம்பை அப்படியே தலையில் கவிழ்த்தார். சேவல் ஒரு நொடி திகைத்து நின்றது. பிறகு கொண்டையிலிருந்து வால் வரை ஒரே உதறல். தண்ணீர் பூசாரி முகத்தில் தெறித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மைனி கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கூடையோடு மன்றத்துக்குள் நுழைந்தபோது இருந்த முகம்.

"வந்துட்டியளா டீச்சர். நேரம் ஆனதும் வரமாட்டியளோன்னு நெனச்சேன்."

"வராம இருப்பனா மைனி."

"காயிதம் வந்திச்சு. நல்லா இருக்காவளாம்."

"நல்லது."

அடுத்து என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இரை எடுத்ததா என்று கேட்க முடியாது. அவள் வீட்டுக்குக் கூட்டிப்போய் இலையில் சோறு போட்டுக் கொடுத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். கை கழுவ ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வாசுதேவநல்லூர் வண்டி எத்தன மணிக்கு?"

"நாலு மணிக்கு."

"அப்பம் இப்பமே பைய நடந்தாத்தான் சரியா இருக்கும். வெயிலு வேற."

இரண்டு மணிதான் ஆகியிருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு அரை மணி நடை. "ஆமா, சரியா இருக்கும்" என்று குடையை எடுத்துக்கொண்டேன். அவள் வாசல் வரை வந்தாள். உள்ளே யாரோ மைனி என்று கூப்பிட்டார்கள். "இன்னா வாரேன்" என்று திரும்பிப் போனாள். கோபமெல்லாம் இல்லை. கோபம் எப்போதோ தீர்ந்திருந்தது.

பஸ் நிற்கும் இடத்தில் நிழல் இல்லை. குடையை விரித்து ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மாதமாக அந்த வீட்டுக்குப் போக எனக்கு ஒரு காரணம் இருந்தது. கொடைக்குக் கொடுக்கிற அளவுக்கு அந்தச் சேவலை வளர்த்து முடித்ததும் நான்தான். நாலு மணி வண்டி நாலரைக்கு வந்தது. கொடைக்கு வந்து திரும்புகிறவர்கள் குடும்பத்தோடு ஏறினார்கள். ஜன்னல் ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டேன்.